மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் ஒரு மாடு

போன கிழமை என் கூடப்பிறந்த ராத்தாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய கணவர், எங்கள் மச்சான், புத்தளம் பஸ் நிலையத்தில் புதிதாக ஒரு நுளம்பு மட்டை வாங்கி வைத்திருந்தார். பார்க்க டென்னிஸ் மட்டை போலவே இருக்கும், கம்பி வலையில் மின்சாரம் ஓடும். விருந்தாளிக்குத் தேத்தண்ணி வருவதற்கு முன்னாலேயே அதைத் தூக்கிக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். படக்கென்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி, பிறகு முடி கருகினது போல ஒரு மணம்.

"ஆள் முடிஞ்சுது!" என்றார் மச்சான்.

"எந்த நுளம்பு அது?" என்று கேட்டேன்.

"எந்த நுளம்பா? கடிக்கிற நுளம்பு!"

குசினிக்குள் இருந்து ராத்தாவின் குரல் வந்தது. "அவள்ட்ட காட்டாதீங்க. செட்டையப் பார்த்துப் பேர், ஊர், வம்சம் எல்லாம் சொல்லப் போறாள்."

உண்மையில் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. செட்டை கருகிவிட்டால் புள்ளிகள் போய்விடும், கால் உடைந்தால் வளையங்கள் போய்விடும். தரையில் கிடந்தது ஒரு கரித்தூள். மச்சான் அடுத்த வேட்டைக்குக் கிளம்பிவிட்டார். எனக்கோ அந்தக் கருகல் மணத்தைப் பிடித்துக்கொண்டு வேறு மணங்கள் வரிசையாக வர ஆரம்பித்தன. சீனித் தண்ணீரில் நனைத்த பஞ்சு, ரப்பர் குழாய், மாட்டுச் சாணம், களப்பின் சேறு. நான் எதையும் பட்டியலாகத்தான் நினைப்பேன். வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நீங்களும் சிரிக்கலாம்.

படித்து முடித்து நான் சேர்ந்த முதல் வேலை நுளம்பு பிடிப்பது. யுத்தம் முடிந்து, சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோன காலம். எங்கள் கரையோரத்தில் மலேரியாக் காய்ச்சல் குறைந்துகொண்டே வந்தது, ஆனால் அடியோடு போகவில்லை. மாரி மழை முடிந்ததும் எங்காவது ஒரு ஊரில் தலை காட்டும். முக்கியமாக, கைவிட்ட இறால் பண்ணைகள் இருந்த இடங்களில். பண்ணைக்காரர்கள் போன பிறகு அந்தக் குழிகளில் மழைத்தண்ணீரும் களப்பின் உப்புத் தண்ணீரும் கலந்து நிற்கும். உப்பும் இல்லாத, நல்ல தண்ணீரும் இல்லாத அந்தக் கலவையை விரும்பி முட்டையிடுகிற ஒரு நுளம்பு இருந்தது. எங்கள் குழு கண்டுபிடிக்க வேண்டியது ஒரே ஒரு விடயம். அந்த நுளம்பு எந்த நேரத்தில் அதிகமாகக் கடிக்க வருகிறது?

கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் நேரம் தெரிந்தால்தான் மற்ற எல்லாம். மக்கள் நித்திரைக்குப் போன பிறகு வருகிறது என்றால் வலை கொடுத்தால் போதும். அதற்கு முதலே வருகிறது என்றால், வலை கட்டிலின் மேலே சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், மனிதர் முற்றத்தில் கடி வாங்கிக்கொண்டிருப்பார்.

நேரம் பார்ப்பதற்கு எங்களிடம் இருந்த பொறி ஒரு மாடு. மாட்டைச் சுற்றி ஓர் அறை அளவுக்குப் பெரிய வெள்ளை வலையைக் கூடாரம் போலக் கட்டுவோம். வலையின் அடி நிலத்தைத் தொடாது, சாண் உயரம் இடைவெளி விட்டிருப்போம். நுளம்பு தாழ்வாகப் பறந்து அதற்குள்ளால் நுழையும். மாட்டில் வயிறு நிறைய இரத்தம் குடித்த பிறகு அது வந்த வழியால் தாழ்ந்து திரும்பாது. மேலே எழும்பி வலையின் உட்பக்கச் சுவரில் போய் உட்கார்ந்துவிடும். நாங்கள் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை டோர்ச்சோடு உள்ளே போய் அவற்றைப் பிடித்து, அந்தந்த மணித்தியாலத்துக்கான கடதாசிக் கோப்பையில் அடைப்போம். எந்தக் கோப்பையில் அதிகமோ அதுதான் நேரம்.

பிடிப்பது வாயால். ஆமாம், வாயால்தான். ஒரு கண்ணாடிக் குழாய், அதன் பின்னால் ரப்பர் குழாய். கண்ணாடி முனையை நுளம்பின் மேல் மெதுவாகக் கவிழ்த்து, ரப்பர் முனையில் குட்டியாக ஒரு மூச்சு இழுக்க வேண்டும். நுளம்பு குழாய்க்குள் வந்துவிடும். வாய்க்குள் வராமல் இருக்க நடுவில் ஒரு துண்டு வலைத் துணி இருக்கும். முதல் நாள் நான் இழுத்த இழுப்பில் அந்தத் துணியே இடம் மாறிவிட்டது. பிறகு நடந்ததை எழுத மாட்டேன்.

"மிஸ், மெதுவா உறிஞ்சுங்க. இது இளநி இல்ல" என்றார் அந்தோனி அண்ணன்.

அந்தோனி அண்ணன் கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கர், எங்கள் குழுவின் களப் பணியாளர். இதற்கு முதல் சங்கும் கடலட்டையும் எடுக்கக் கடலில் மூழ்கியவர். அவருடைய மூச்சுக்கு இந்தக் குழாய் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நான் ஐந்து நுளம்பு பிடித்துத் தலைசுற்றி நிற்கும்போது அவர் ஒரு சுவரை முடித்துவிட்டு அடுத்த சுவருக்குப் போயிருப்பார், மூச்சுவிடாமல் ஒரு பாட்டையும் முனகிக்கொண்டு. எங்கள் வலையை ஒரு தடவை மாடு கொம்பால் கிழித்துவிட்டது. அவர்தான் அதை உடப்பு என்கிற கரையோர ஊருக்குக் கொண்டுபோய், அங்கே மீன்வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் கொடுத்துத் தைத்துக் கொண்டுவந்தார். வலையை விரித்துப் பார்த்த அந்த மனிதர், "இவ்வளவு சின்னக் கண்ணா? இதில என்ன மீன் புடிக்கிறீங்க?" என்று கேட்டாராம். "பறக்கிற மீன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நோன்பு மாதத்தில் இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. நோன்பு திறக்கிற நேரமும் நுளம்பு வலைக்குள் நுழைகிற நேரமும் ஒன்றாக வரும். ஒரு கன்னத்தில் பேரீச்சம்பழமும் மற்றப் பக்கத்தில் ரப்பர் குழாயுமாக நின்றிருக்கிறேன். "நீங்க போய்க் கஞ்சியக் குடிச்சு, தொழுதிட்டு வாங்க மிஸ். நுளம்பு என்னோட கோவிக்காது" என்று அந்தோனி அண்ணன் என்னை அனுப்பிவிடுவார். நோன்பு இல்லாத நாட்களிலும் அந்தியில் மஃரிப் தொழுகைக்கு நான் போய் வரும்வரை வலை அவர் பொறுப்பில்தான். ஆனால் நான் சொல்ல வந்த கதை நோன்பு மாதத்தில் நடந்ததல்ல. அதற்கு முந்திய மாரியில்.

அந்த வேலைக்கு என் உம்மா முதலில் சம்மதிக்கவில்லை.

எங்கள் குடும்பம் யுத்தத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தது. நான் பிறந்தது புத்தளத்தில்தான், ஓலைக் குடிசைகள் வரிசையாக இருந்த ஒரு முகாமில். உம்மாவுக்கு மஃரிபுக்குப் பிறகு வீட்டில் ஒரு தலை குறைந்தாலும் மனம் பதறும். வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருப்பார். "லேப்பில இருந்து பார்க்கிற வேலை எண்டாய். இப்ப இருட்டில மாட்டோட நிக்கிற வேலை எண்டுறாய். யாரோட போறாய்? யாரோட வாறாய்? சனம் என்ன கதைக்கும்?" என்று மூன்று கேள்வி. முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அலுவலக வேன், சாரதி, அந்தோனி அண்ணன். மூன்றாவதுக்கு யாரிடம்தான் பதில் இருக்கிறது?

"அப்ப நீங்களும் வாங்க" என்றேன், ஒரு கோபத்தில்.

வந்துவிட்டார். அடுத்த நாள் பின்னேரம் வேன் வாசலுக்கு வந்தபோது உம்மா ஒரு பிளாஸ்க், தொழுகைப் பாய், தஸ்பீஹ் மணி ஆகியவற்றோடு எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தார். அந்தோனி அண்ணன் எழுந்து முன் ஆசனத்தைக் கொடுத்தார். "வாங்க உம்மா, நீங்கதான் இண்டைக்கு எங்கட பெரிய மெடம்."

நாங்கள் போன ஊர் கற்பிட்டி வீதியிலிருந்து களப்புப் பக்கமாக உள்ளே இறங்கும் ஒரு சின்னக் குடியேற்றம். பெயரை விட்டுவிடுகிறேன். அங்கிருந்தவர்களும் மன்னாரிலிருந்து வந்தவர்கள்தான். இறால் குழிகளுக்கு மிகக் கிட்டிய வீடு ஹவ்வா ராத்தாவின் வீடு. அவருடைய மாடுதான் எங்கள் மாடு, பெயர் செவலை. செம்மண் நிறம், ஒரு காது கொஞ்சம் மடிந்திருக்கும். வேலையில் என்னைவிட நிதானம். ஹவ்வா ராத்தா கணவர் கடலுக்குப் போகிற நாட்களில் தனியாகத்தான் வீட்டைப் பார்ப்பார். நூரா என்று ஒரு சின்ன மகள் இருந்தாள். முந்திய மாரியில் நூராவுக்கு மலேரியா வந்து, வீட்டிலிருந்த துணியெல்லாம் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லையாம். அதனால்தான் நாங்கள் மாடு கேட்டுப் போனபோது, மற்ற வீடுகளில் யோசித்தபோது, அவர் யோசிக்கவில்லை. "கொண்டு போங்க. அந்தச் சனியன் எப்ப வருதெண்டு கண்டுபிடிங்க" என்றார்.

உம்மாவும் ஹவ்வா ராத்தாவும் முதல் நாளே ஒன்றாகிவிட்டார்கள். மன்னாரில் யாருடைய வளவு எங்கே, எந்தக் கிணறு நல்ல தண்ணீர், யாருடைய மாமியின் மச்சினன் யார் என்று ஆரம்பித்து, நாங்கள் வலை கட்டி முடிப்பதற்குள் ஏதோ ஒரு வழியில் சொந்தமும் ஆகிவிட்டார்கள். ஹவ்வா ராத்தா உம்மாவை மாமி என்று கூப்பிடத் தொடங்கினார். நாங்கள் முன் வளவில் கம்பு நடும்போது அவர்கள் இருவரும் பின்பக்கம் மாட்டுக் கொட்டிலடியில் கதைத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு செவலையைக் கயிற்றில் பிடித்து, கல்யாண வீட்டுக்கு அனுப்புவது போலத் தடவித் தடவி, எங்களிடம் கொண்டுவந்து தருவார்கள்.

வேலை ஒழுங்காக நடந்தது. நுளம்பைத் தவிர எல்லாம் ஒழுங்கு.

பின்னேரத்திலிருந்து இரவு இஷாத் தொழுகை கழியும்வரை எங்கள் முறை. அதற்குப் பிறகு ஆண்கள் மட்டும் உள்ள இன்னொரு குழு வந்து விடியும்வரை பார்க்கும். எங்கள் கோப்பைகளில் அந்த நுளம்பு ஒன்றுகூட விழவில்லை. நானும் அந்தோனி அண்ணனும் டோர்ச் அடித்து வலையின் நாலு பக்கமும் தேடுவோம். ஒன்று, இரண்டு, அதுவும் வேறு ஏதாவது இனம். ஆனால் அடுத்த குழுவின் கோப்பைகளில் நாங்கள் தேடிய நுளம்பு நிறைய இருந்தது. ஒரு நாள் என்றால் காற்று என்று சொல்லலாம். இது தொடர்ந்து அப்படியே இருந்தது.

எங்கள் பொறுப்பதிகாரி சிங்களவர், தமிழ் நன்றாகவே கதைப்பார். நல்ல மனிதர், என்னைச் சிங்களத்தில் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அதனால்தான் அவர் சொன்னது எனக்கு அதிகம் வலித்தது.

"நங்கி, இந்த நுளம்பு பிந்தித்தான் வருது போல தானே. வேன் ஒண்டுதான் இருக்கு. அடுத்த மாசத்தில இருந்து பத்து மணிக்குப் பிறகு மட்டும் போவம். நீங்க லேப்பில இருங்க. பொம்பளப் பிள்ளைய ராவெல்லாம் காட்டில நிப்பாட்ட ஏலாது."

எனக்கு நுணுக்குக்காட்டி பிடிக்கும். செட்டையில் புள்ளி பார்த்து இனம் பிரிக்கும் வேலையை இன்றைக்கும் விரும்பித்தான் செய்கிறேன். ஆனால் லேப்புக்கு வருவது செத்த நுளம்பு. உயிரோடு வருகிற நுளம்பை, அது வருகிற இடத்திலேயே, வருகிற நேரத்திலேயே பார்ப்பது என்பது நான் படித்ததற்கெல்லாம் காரணமாக இருந்தது. அதற்காகத்தான் உம்மாவோடு சண்டை பிடித்தேன். சண்டையில் வென்று, உம்மாவையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்த பிறகு, நுளம்பு காலை வாரிவிட்டது. மாத முடிவுக்கு இன்னும் சில பின்னேரங்கள்தான் இருந்தன.

நான் செய்யக்கூடியதைச் செய்தேன். காரணங்களை ஒவ்வொன்றாக மனதில் அடுக்கி ஒவ்வொன்றாக அடித்தேன். வலையில் ஓட்டையா? இல்லை. அடி இடைவெளி போதாதா? இரண்டாவது குழுவுக்கும் அதே இடைவெளிதான். நிலா? காற்று? என் கண்ணா? அந்தோனி அண்ணனின் கண்ணில் பிழை இருக்க முடியாது, கலங்கின கடலில் அட்டையைக் கண்ட கண் அது. மாடா? ஆனால் மாடும் இரண்டு குழுவுக்கும் அதே செவலைதான்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் துணி தோய்த்தேன். உம்மாவின் முக்காட்டுத் துணியை வாளிக்குள் போடுவதற்காக எடுத்தபோது ஒரு மணம் வந்தது. பொச்சுமட்டைப் புகை, தேங்காய் மட்டை எரிகிற மணம். ஊர்ப்பக்கம் எல்லா வீட்டிலும் அடுப்புப் புகை மணம் இருக்கும், அதனால் அங்கே நிற்கும்போது மூக்கு அதைத் தனியாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு. வாளிக்குப் பக்கத்தில், சவர்க்காரமும் கையுமாக, அந்தத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

"உம்மா, உங்கட துணியில ஏன் பொச்சுமட்டை மணம்?"

"புகை போட்டா மணக்காதா?"

"எதுக்குப் புகை?"

"செவலைக்கு" என்றார் உம்மா, இதுகூடத் தெரியாதா என்ற முகத்தோடு. "உங்கட வலைக்குள்ள விடுறதுக்கு முதல், பொச்சுமட்டையும் வேப்பிலையும் போட்டு நல்லாப் புகைச்சுத்தானே அனுப்புறம். ஹவ்வா புடிச்சுக்கொள்ளுவாள், நான் விசிறி விடுவன். வாயில்லாச் சீவன். அத்தனை நுளம்புக்குள்ள சும்மா எப்பிடி விடுறது?"

நான் அப்படியே குளியலறைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் மாடு வளர்க்கிற எல்லோரும் அந்தி நேரத்தில் புகை போடுவார்கள். பின்னேரம் ஒரு ஊருக்குள் நுழைந்தால் கொட்டிலுக்குக் கொட்டில் புகை எழும்பும். நானும் சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சிதான். மாட்டை இரவல் வாங்கினோம், வலை கட்டினோம், கோப்பையில் பெயர் ஒட்டினோம், மாட்டுக்குப் புகை போட வேண்டாம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. புகை செவலையின் மயிரில் தங்கி நின்றிருக்கிறது. மணம் ஆறிய பிறகு நுளம்பு வந்திருக்கிறது. அதைத்தான் நாங்கள் பிந்தி வருகிற நுளம்பு என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உம்மாவுக்கு வரவில்லை. விளக்கிச் சொன்னபோது அவருடைய முகம் மாறிவிட்டது. "அப்ப உன்ட வேலையக் கெடுத்தது நானா?" என்று கேட்டார். இல்லை உம்மா, ஒரு மாட்டுக்குக் கருணை காட்டினீர்கள், அவ்வளவுதான் என்றேன். ஆனால் அதே மாட்டை இனிப் புகை இல்லாமல் கேட்க வேண்டும். அதை யார் போய்ச் சொல்வது?

அன்று பின்னேரம் போனதும் நான்தான் சொன்னேன். ஹவ்வா ராத்தா விசிறியைக் கீழே வைத்தார்.

"அல்லாஹ்வே! கடிக்க விட்டுப் பார்க்கிறதுக்கா என்ட மாட்டைக் கேட்டீங்க? நுளம்பப் புடிக்கிறதுக்கெண்டுதானே தந்தன்."

"கடிக்க வந்தாத்தான் ராத்தா புடிக்கலாம்."

"அப்ப என்னைக் கொண்டுபோய்க் கட்டுங்க வலைக்குள்ள."

"உங்களக் கட்டினா நுளம்பு பயத்தில இந்தப் பக்கமே வராது" என்றார் அந்தோனி அண்ணன். அவரை நோக்கி ஒரு பொச்சுமட்டை பறந்தது. பட்டிருந்தால் காயம். ஆனால் எறிந்தவர் சிரித்துவிட்டார்.

சிரித்தாலும் சம்மதிக்கவில்லை. செவலை கன்று போட்டு நாளாகாத மாடு, அது காலை உதறும், பால் இறங்காது, அது பாவம். அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. நான் புத்தகத்தில் படித்த விளக்கங்களைச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் அவருடைய காதில் ஏறவில்லை. அப்போதுதான் கொட்டிலடியில் உட்கார்ந்திருந்த உம்மா வாயைத் திறந்தார்.

"புள்ள ஹவ்வா, எனக்கும் மனம் கேக்கல்லதான். ஆனா நீ இதை யோசி. இந்த மாசத்தோட இவளை லேப்பில போட்டிருவாங்க. அப்ப வேன் வராது. வேன் வராட்டி நான் எப்பிடி இஞ்ச வாறது? நான் ஆரோட இருந்து கதைக்கிறது?"

நான் உம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். இருட்டில் மாட்டோடு நிற்கிற வேலை என்று சண்டை பிடித்த அதே உம்மா. இந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவுக்கு அவருக்கும் வேண்டியிருந்தது என்பதை நான் அதுவரை கவனிக்கவே இல்லை. முகாமை விட்டு வந்ததிலிருந்து தன் ஊர்க் கதையை இப்படி உட்கார்ந்து கதைக்க அவருக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கவில்லை.

ஹவ்வா ராத்தா கொஞ்ச நேரம் செவலையின் மடிந்த காதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். இஷா பாங்கு சொன்னதும் செவலை வெளியே வந்துவிட வேண்டும். வந்ததும் நல்லாப் புகை போடுவார், அதை யாரும் தடுக்கக்கூடாது. இரண்டாவது குழு வேறு மாடு பார்த்துக்கொள்ளட்டும்.

"இன்னொண்டு. அந்த நுளம்பு எந்த நேரம் வருதெண்டு தெரிஞ்சா முதல்ல எனக்குச் சொல்லணும். உங்கட சேருக்கு அதுக்குப் பிறகு சொல்லுங்க. எனக்குத்தான் முதல்ல."

"ஓம் ராத்தா" என்றேன்.

புகை இல்லாத முதல் அந்தி அது. காற்று விழுந்துவிட்டது, களப்பு அசையவில்லை. மஃரிப் தொழுதுவிட்டு நான் வலைக்குள் குனிந்து நுழைந்தபோது அந்தோனி அண்ணன் பாட்டு முனகவில்லை. டோர்ச்சை மட்டும் மெதுவாகச் சுற்றிக் காட்டினார். வெள்ளை வலையின் உட்பக்கம் எள்ளுத் தூவினது போல இருந்தது. சுவரில் சரிவாக அடித்த சின்ன ஆணிகள் போல, தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தி, அத்தனையும் நாங்கள் தேடிய நுளம்பு. வயிறுகள் சிவந்து நிறைந்திருந்தன.

"மிஸ்" என்றார் அவர், பள்ளிவாசலுக்குள் கதைப்பது போலத் தணிந்த குரலில், "இண்டைக்கு இளநி குடிக்கிற மாதிரியே உறிஞ்சுங்க."

உறிஞ்சினேன். குழாய் நிறைய, கோப்பைக்குள் ஊத, மறுபடி உறிஞ்ச. தலை சுற்றினால் செவலையின் முதுகில் கையை ஊன்றிக்கொள்வேன். அது வாலை வீசி என் முகத்தில் அடிக்கும், பிறகு மன்னிப்புக் கேட்பது போல என் சட்டைக் கையை நக்கும். "கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு" என்று அதனோடு கதைத்துக்கொண்டே இருந்தேன். வெளியே உம்மாவும் ஹவ்வா ராத்தாவும் இரண்டு கதிரைகளில் பக்கத்தில் பக்கத்தில், ஒரு வார்த்தை இல்லாமல் இருந்தார்கள். அவர்கள் கதைக்காமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். இஷா பாங்கு கேட்டதும் ஹவ்வா ராத்தா வலையைத் தூக்கிக்கொண்டு தானே உள்ளே வந்து செவலையை அவிழ்த்துக்கொண்டு போனார்.

அடுத்த பின்னேரங்களிலும் அப்படியே. இரண்டாவது குழு கனமூலைப் பக்கமிருந்து ஒரு வயதான காளையைக் கொண்டுவந்து, அதையும் புகை இல்லாமல் கட்டிப் பார்த்தது. அவர்களுடைய கோப்பைகளில் வரவர நுளம்பு குறைந்து போனது. இனிச் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. நான் வாக்குக் கொடுத்தபடி கொட்டிலடிக்குப் போனேன்.

"எப்ப?" என்றார் ஹவ்வா ராத்தா.

"மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில."

அவர் பள்ளிவாசல் பக்கம் பார்த்தார். அங்கே பள்ளி முற்றத்தில் ஊர்ப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். கூரை இல்லை, ஒரு குழல் விளக்கு மட்டும். நூராவின் குரல் எது என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கும். தினமும் மஃரிபிலிருந்து இஷா வரைக்கும்தான் ஓதல்.

எழுந்து முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "மாமி, வாங்க" என்றார். உம்மா எழுந்தார். இருவரும் நேராக ஓதிக் கொடுக்கிற மௌலவியின் வீட்டுக்கு நடந்தார்கள். அங்கே என்ன கதை நடந்தது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. உம்மா சொன்னது இவ்வளவுதான்: "அவர் சொன்னார், பிள்ளையள் ஸ்கூல் விட்டு வந்து களைச்சிருப்பாங்க எண்டு. ஹவ்வா சொன்னாள், காய்ச்சல்ல நடுங்கினாலும் களைப்புத்தான் எண்டு." அந்தக் கிழமையே ஓதல் பின்னேர அசர் தொழுகைக்குப் பின்னால் மாறியது. வெயில் சாய்வதற்குள் பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்தார்கள்.

பொறுப்பதிகாரிக்கு நான் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தபோது ஊரே மாறி முடிந்திருந்தது. அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நங்கி, ரிப்போர்ட் எனக்கு வர முதல் பள்ளிக்குப் போயிருக்கு தானே?"

"ஓம் சேர். மாட்டுக்காரியோட அப்பிடித்தான் பேச்சு."

கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, புகை போட்ட நாட்களை எறிந்துவிடாமல் தனியாக எழுதி வைக்கச் சொன்னார், புகை எவ்வளவு நேரம் காக்கிறது என்று அதிலிருந்து தெரியுமாம். கடைசியில்தான் எனக்கு வேண்டியதைச் சொன்னார். "சரி. வேன் இனிப் பின்னேரம் போகட்டும். நீங்களும் போங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். உம்மா தலை நிமிராமல், "நாளைக்கு வேன் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார், அவருக்கும் சேர்த்து உத்தரவு வந்தது போல.

அதற்குப் பிறகு பல மாரிகள் அந்தி நேரத்தில் வலைக்குள் நின்றேன். வண்ணாத்திவில்லுப் பக்கமும் போனேன், இன்னும் பல கரைகளுக்கும் போனேன். போகிற இடமெல்லாம் முதல் நாள் முதல் கேள்வியாக, மாட்டுக்குப் புகை போடுவீங்களா என்று கேட்பேன். காய்ச்சல் குறைந்து, குறைந்து, ஒரு மாரியில் வரவே இல்லை. அடுத்த மாரியிலும் வரவில்லை. காத்துக்கொண்டிருந்தோம். பிறகு காத்திருப்பதையும் மறந்துபோனோம். எங்கள் குழுவைப் பிரித்து வேறு வேறு வேலைக்கு அனுப்பினார்கள். அந்தோனி அண்ணன் கற்பிட்டியில் வெள்ளைக்காரர்களுக்கு டொல்பின் காட்டப் படகு ஓட்டுகிறார். ஹவ்வா ராத்தா குடும்பத்தோடு மன்னாருக்குத் திரும்பிப் போய்விட்டார், செவலையையும் கன்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு. உம்மாவும் அவரும் இப்போது ஃபோனில் கதைக்கிறார்கள். ஒரு கதைக்கு ஒரு ரீலோட் காசு முழுதும் போகிறது.

போன மாதம் வேறு ஒரு அலுவலாக அந்தப் பக்கம் போகவேண்டி வந்தது. இறால் குழிகள் இல்லை. மண் போட்டு நிரப்பி, மதில் கட்டி, வீடுகள் வந்துவிட்டன. ஹவ்வா ராத்தாவின் வளவில் கொட்டில் இருந்த இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊரில் ஒரு மாடுகூடக் கண்ணில் படவில்லை. மஃரிப் முடிந்து இருட்டிக்கொண்டு வந்தது. பள்ளி முற்றத்தில் இப்போது தகரக் கூரை போட்டிருக்கிறார்கள், நாலு பக்கமும் திறந்திருக்கிறது. அதன் கீழே பிள்ளைகள் நீள மர வாங்குகளில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக வெறுங்கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு பிள்ளை காலில் பட்டென்று அடித்துக்கொண்டது. அது வேறு நுளம்பு, கடித்தால் அரிக்கும், அவ்வளவுதான்.

மகளைக் கூட்டிப்போக வந்த ஒரு இளம் தாய் படியில் நின்றிருந்தாள். முன்பு அசருக்குப் பிறகுதானே ஓதல், எப்போது மாற்றினார்கள் என்று அவளிடம் கேட்டேன்.

"இல்லயே ராத்தா" என்றாள், நான் ஊர் தெரியாத ஆள் என்று நினைத்துப் பரிவோடு. "இஞ்ச எப்பவும் இந்த நேரந்தான்."

"ஓம்" என்றேன். இஷா பாங்கு சொல்லும்வரை நானும் அந்தப் படியில் உட்கார்ந்து பிள்ளைகள் ஓதுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.